சனிக்கிழமைக் கணக்கு

கமிட்டி நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.
"மேற்படி பதினோரு குடும்பத்தாருக்கு
ஐஸ் இல்லை, ஏலம் இல்லை,
ஊற்றில் தண்ணீர் இல்லை,
கல்லறையில் இடம் இல்லை.
மீறிப் பேசுகிறவருக்கு அபராதம் ஐயாயிரம்."
ஐயாயிரத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்.

முதல் சண்டை சாமியைப் பற்றி இல்லை,
நண்டைப் பற்றி.
செதில் இல்லாததைத் தொடமாட்டோம் என்றார்கள்.
நண்டு, கணவாய், இறால், திருக்கை
வலையோடு வந்ததெல்லாம் திரும்பக் கடலுக்கு.
நண்டுக் கம்பெனி லாரியை நம்பி அடுப்பெரிகிற கரையில்
இதை யார் பொறுப்பார்?
பிறகு சனிக்கிழமை.
ஞாயிற்று விலைக்குச் சனிதான் பாடு.
கச்சான் ஓய்ந்து கடல் கண்ணாடியாய்க் கிடந்த நாளிலும்
அவர்கள் வள்ளம் நாலும் மணலில் கவிழ்ந்து கிடந்தன.
பிறகு தேர் வரி.
தரமாட்டேன் என்று தொபியாஸ் சிரித்துக்கொண்டே சொன்னானாம்.
சிரித்தானா, தெரியாது.

தொபியாஸ் நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
பத்தில் ஒன்று வாங்கினான். பழைய பைக் ஒன்று வந்தது.
எங்கள் தேர் வரியில் போன வருசக் கணக்கே
இன்னும் முடியவில்லை.
அதையும் எழுதுகிறவன் நான்தான்.

கித்தேரி என் தங்கை.
விரலில் துணி சுற்றி, பாதத்தில் தகடு கட்டி
தீவுப் பாரில் மூச்சடக்கிப் பாசி எடுக்கிறவள்.
பங்குனியில் அந்தக் கொட்டகைக்குப் போனாள்.
ஆனியில் கழுத்துக் குருசைக் கழற்றி
ஆணியில் மாட்டினாள்.

மதுரையிலிருந்து ஒருவர் வந்தார்.
மீட்பு ஆலோசகர் என்று அட்டை,
படிவத்தில் இருபது கேள்வி.
தூக்கம் குறைந்ததா?
ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா?
சில உணவை மறுக்கிறாரா?
நகையைக் கழற்றிக் கொடுத்தாரா?
நான் வாசிக்க வாசிக்க
மூலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள் அம்மா,
தபசு நாற்பது நாளும் கவுச்சி தொடாதவள்,
கொடிமரத்துக்குத் தோட்டைக் கழற்றியவள்.
கித்தேரி பேருக்கு டிக் போட்டேன்.
இருபதுக்குப் பதினாறு.
முற்றிவிட்டது என்றார்.

வலை போட்டுவைக்கிற அறை.
ஜன்னலுக்குப் பலகை அடித்தது நான்.
தாழ்ப்பாள் வாங்கியதும் நான்தான்,
உச்சிப்புளியில், எழுபது ரூபாய்.
பகலெல்லாம் அவர் பேசுவார், அன்பாகத்தான்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"இன்னைக்கு என்ன கிழமை?"
அதை மட்டும் சொல்லாதீர்கள் என்றிருந்தார்.
சுவரில் ஊக்கால் கீறி வைத்திருந்தாள், ஏழேழாக.
எண்ணிப் பார்த்தேன்.
ஒரு கோடு தப்பியிருந்தது.
அவளிடம் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள்
நான் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குள் கொட்டகை எரிந்திருந்தது.
தாசில்தார் கேட்டார்.
ஓலை, காற்று, சிம்னி விளக்கு என்றோம்.
எஸ்தாக்கியின் கைப்பிள்ளை காய்ச்சலில் போனபோது
கல்லறைக் கதவுக்குப் பூட்டு.
உடைமரக் காட்டில் புதைத்து
அடையாளத்துக்குச் சங்கு நட்டார்கள்.
சங்கு விலைபோகும் ஊர் இது,
நாலாம் நாள் காணோம்.
மழையில்லாத ஒரு ராத்திரி
மினிலாரியில் தார்ப்பாய் மூடிப் போனார்கள்.

இப்போது கித்தேரி பூசைக்கு வருகிறாள்.
அசனத்தில் எல்லார் முன்னாலும்
நண்டு ஓட்டைக் கடித்துத் தின்கிறாள்.
கமிட்டிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.
என் பாசிக் கணக்கை மாதம் ஒருமுறை புரட்டுகிறது,
எந்தக் கிழமை யார் எத்தனை கிலோ.

சனிக்கிழமையும் எல்லாரோடும் வத்தையில் ஏறுகிறாள்.
பாரில் இறங்கிக்
கழுத்தளவுத் தண்ணீரில் சும்மா நிற்கிறாள்,
விரலில் துணிகூடச் சுற்றாமல்,
கூடப் போனவள் சொன்னாள்.
சாக்கு வெறும் ஈரமாகத் திரும்பும்.
நான் அதைத் தராசில் வைக்கிறேன்.
நாலு கிலோ என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கூலி.
வாங்கி இருமுறை எண்ணுகிறாள்.
நாலு கிலோவுக்கான காசைத் தனியே பிரித்து
படிக்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு
என் முகம் பார்க்காமல் போகிறாள்.